கவுண்டருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள ஐயா,

கொரோனா இரண்டாம் அலையில் மருந்தாளுநர்கள் பட்ட பாட்டை நீங்கள் எழுதியிருந்தீர்கள். என்னால் ஒப்ப முடியவில்லை. 2021 மே மாதம் என் மச்சான் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வென்டிலேட்டரில் இருந்தார். கொரோனாவுக்குப் போடும் ரெம்டெசிவிர் ஊசி மருந்தைக் கேட்டால் பார்மசியில் முகத்தைக்கூடப் பார்க்காமல் “ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வாங்க” என்றார்கள். உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள் என்றே நம்புகிறேன். மூன்றாம் நாள் மச்சான் போய்விட்டார். மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அக்கா இன்றும் அழுகிறாள்.

ஆர்., செங்கல்பட்டு

அன்புள்ள ஆர்.,

உங்கள் சந்தேகம் ஆதாரமில்லாதது அல்ல. அந்த மருந்தைக் கள்ளத்தனமாக விற்றதற்காகச் சென்னையிலேயே பலர் கைதானார்கள். குஜராத்தின் மோர்பியில் குளுக்கோஸும் உப்பும் அடைத்த போலிக் குப்பிகள் பிடிபட்டன. ஆனாலும் ‘ஸ்டாக் இல்லை’ என்பது பல இடங்களில் உண்மையான பதில்தான். முதல் அலை அடங்கியதும் கம்பெனிகள் தயாரிப்பைக் குறைத்துவிட்டன. மத்திய அரசு ஏற்றுமதியைத் தடுத்ததே 2021 ஏப்ரல் 11-ல்தான். தமிழக அரசு கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் நேரடி விற்பனை தொடங்கியது ஏப்ரல் 26-ல். கூட்டம் தாங்காமல் மே 15-ல் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். அடுத்த சில நாட்களில் அதையும் நிறுத்தி, ஆஸ்பத்திரிகளே இணையத்தில் பதிந்து வாங்கட்டும் என்றார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாம். நோயாளியின் வீட்டாரை, அதுவும் தொற்றுக் காலத்தில், வரிசையில் நிற்கவிட்டதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். அந்த முடிவை எடுத்தவர் பார்மசியில் உட்கார்ந்திருந்தவர் அல்ல.

எனக்குத் தெரிந்த மருந்தாளுநர் ஒருவர் அரசு மருத்துவமனையில் இருந்தார். அவரை அதிகம் உலுக்கியது ரெம்டெசிவிர் அல்ல, கொரோனா நோயாளிகளைத் தாக்கிய கரும்பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்போடெரிசின். கொழுப்புத் துளிகளில் பொதிந்து வரும் லைப்போசோமல் வகையில் ஒரு குப்பி 50 மில்லிகிராம். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் அறுபது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கே ஆறு குப்பி, அதுவும் வாரக்கணக்கில். வார்டிலிருந்து வரும் இண்டென்டில், அதாவது மருந்து கேட்கும் சீட்டில், பாதிக்குக்கூடக் கையிருப்பு இருக்காது. பழைய வகை கிடைக்கும், ஆனால் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சலைன் என்ற உப்புக் கரைசலில் கலந்தால் திரிந்துவிடும், டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில்தான் கலக்க வேண்டும். களைத்துப்போன நர்ஸுக்கு இதை நினைவூட்ட ஒவ்வொரு முறையும் வார்டுக்குப் போன் போடுவாராம். யாருக்கு எந்த வகை என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். இல்லை என்று சொல்வது இவர் வேலை. “முகத்தைப் பார்த்தா அடுத்த சீட்டை வாங்கக் கை வராது சார்” என்றார். உங்களுக்குப் பதில் சொன்னவரும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. வெறும் திமிராகவும் இருந்திருக்கலாம்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே ரெம்டெசிவிரைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. அது பல நாடுகளில் நடத்திய சாலிடாரிட்டி என்ற மருந்து ஆய்வின் இறுதி முடிவு 2022-ல் வந்தது. வென்டிலேட்டருக்குப் போகாமல் ஆக்சிஜனில் இருந்தவர்களில், மருந்து பெற்றவர்கள் 14.6 சதவீதமும் பெறாதவர்கள் 16.3 சதவீதமும் இறந்தார்கள். சின்ன வித்தியாசம். ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் பலனே தெரியவில்லை. உங்கள் மச்சான் இருந்தது அந்த நிலையில். பார்மசியில் அன்று ரெம்டெசிவிர் ஆறு குப்பி இருந்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அக்காவிடம் இதை நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள், போனில் வேண்டாம்.