ஒரே தூரம், இரு வேறு பயண நேரம்

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் செல்ல எட்டு மணி நேரமும், திரும்பி வர ஏழு மணி நேரமும் ஆவது ஏன்? தூரம் ஒன்றுதானே?

பதில்: தூரம் ஒன்றுதான், ஹீத்ரோவுக்கும் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே நேர்வழியில் சுமார் 5,550 கிலோமீட்டர். ஆனால், விமானங்கள் பறக்கும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், 'ஜெட் ஸ்ட்ரீம்' எனப்படும் விரைவுக் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. கிழக்கே வரும் விமானத்தை அது தள்ளிவிடுகிறது. மேற்கே செல்வதை எதிர்க்கிறது. இது குளிர்காலத்தில்தான் மிகவும் வலுக்கும்.

2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடங்களில் லண்டனை அடைந்தது. தரையை வைத்துக் கணக்கிட்டால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மிஞ்சிவிட்டதாகச் சிலர் வியந்தனர், அது சரியன்று. தன்னைச் சூழ்ந்து உடன் நகர்ந்த காற்றைப் பொறுத்தவரை, அந்த விமானம் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

கடிகாரத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். நியூயார்க் பெரும்பாலும் 5 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்படுபவர் அங்கே பிற்பகல் 2 மணிக்கே இறங்கிவிடுவார்.