ஷீ ஒன்லி டோல்ட் மீ!

கேள்வி: மாரத்தஹள்ளியில் ஐ.டி. வேலை. லண்டன் டீமோடு பேசும்போது, 'அவள்தான் எனக்குச் சொன்னாள்' என்ற அர்த்தத்தில் "ஷீ ஒன்லி டோல்ட் மீ" என்றேன். "ஓ, உங்களுக்கு மட்டும்தான் சொன்னாளா, மற்றவர்களுக்குத் தெரியாதா?" என்று கேட்கிறார்கள். என்ன தப்பு? 'லேடீஸ் ஒன்லி' என்று ஒன்லியைப் பின்னால் போடுகிறார்களே?
- வாசகி, பெங்களூரு

பதில்: இலக்கணப்படி சரியான வாக்கியம், அதனால்தான் வம்பே. ஒன்லி என்றால் 'மட்டும்'. நீங்கள் நினைத்ததோ 'தான்'. நமக்குத் தான், மட்டும், ஏ எல்லாமே சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவதால் ஒன்லியை ஷீயோடு சேர்த்துவிடுகிறோம். வினைக்கு முன்னால் நிற்கும் ஒன்லியை ஆங்கிலேயர்கள் அதற்குப் பிறகு வரும் ஏதாவது ஒன்றோடுதான் சேர்ப்பார்கள், அது 'எனக்கு மட்டும்' என்றும் ஆகலாம், 'சொல்ல மட்டும் செய்தாள், வேறெதுவும் செய்யவில்லை' என்றும் ஆகலாம். பெங்களூரு ஆபீஸுக்குள் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் பக்கத்து சீட் கன்னடக்காரரும் 'அவளே ஹேளித்ளு' என்று பின்னால்தான் ஒட்டுகிறார், ஹிந்திக்காரரும் அப்படித்தான் தன் மொழியின் 'தான்' ஆன 'ஹீ'யைப் பின்னால் போடுகிறார்.

சரி, என்ன செய்வது? தானுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் கிடையாது, இடத்துக்கு இடம் மாறும். அவள்தான் சொன்னாள் என்றால் "ஷீஸ் தி ஒன் ஹூ டோல்ட் மீ", அல்லது ஷீயைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாலே போதும். இன்னும் பெங்களூரில்தான் இருக்கிறேன் என்றால் "ஸ்டில் இன் பெங்களூரு". 'நேற்றுத்தானே சொன்னேன்' மட்டும் நமக்குச் சாதகம்: "ஐ டோல்ட் யூ ஒன்லி யெஸ்டர்டே" என்பது அசல் ஆங்கிலமே, ஒன்லியை யெஸ்டர்டேவுக்கு முன்னால் தள்ளினால் வேலை முடிந்தது.

அதற்காக, எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதற்கு ஒட்டி முன்னால்தான் ஒன்லி வரவேண்டும் என்று அடம்பிடிக்கும் வாத்தியார்களையும் நம்பாதீர்கள். 1926-லேயே ஃபௌலர் என்ற ஆங்கிலேய அகராதிக்காரர் தன் ஆங்கில நடை அகராதியில் அவர்களை ஒரு பிடி பிடித்திருக்கிறார். 'ஹீ ஒன்லி டைட் எ வீக் எகோ' என்றால், போன வாரம்தான் இறந்தார் என்று எல்லோருக்கும் புரிகிறதே, பிறகு என்ன என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. குழப்பம் வரும் இடத்தில் மட்டும் இடம் மாற்றுங்கள், எழுத்தில் கூடுதல் கவனம், ஏனென்றால் மெயிலில் குரலை அழுத்த முடியாது. ஆட்டோக்காரரிடம் "ஹியர் ஒன்லி ஸ்டாப்" என்பதையெல்லாம் யாரும் திருத்த வேண்டாம், அவர் சரியாக நிறுத்திவிடுவார்.

'லேடீஸ் ஒன்லி' வேறு கதை. அறிவிப்புப் பலகைகளில் ஒன்லி பின்னால் வருவது ஆங்கிலத்திலும் வழக்கம்தான், அங்கே பொருள் சுத்தமான 'மட்டும்'. செக்கில் 'ரூபீஸ் ஃபைவ் தௌசண்ட் ஒன்லி' என்று எழுதுவதும் அதே மட்டும்தான். தொகைக்குப் பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடக் கூடாதே என்று போடும் தாழ்ப்பாள் அது.