கலைக் கல்வியை ஊரோடு சேர்த்து வளர்த்த உள்ளூர்க் கலைஞர் யாராவது உண்டா?

நிச்சயமாக உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்துக் கலைஞர் பி. ராஜகோபால். கட்டைக்கூத்து என்பது பாரதக் கதைகளை ஆடிப் பாடி நடிக்கும் ஊர்ப்புற நாடகம்; ‘கட்டை’ எனும் மர அணிகளைக் கட்டி ஆடுவதால் அந்தப் பெயர். ராஜகோபால் கூத்து வாத்தியாரின் மகன். பத்து வயதிலேயே வேஷம் கட்டியவர். பள்ளிப் படிப்பு அதோடு போயிற்று.

கூத்துப் பிள்ளைகளின் பெரிய சிக்கலே இதுதான். திருவிழாக் காலத்தில் விடிய விடிய ஆட்டம். முகத்தில் அரிதாரம், தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, காலில் சலங்கை, இத்தனையோடும் ஆடிப் பாடி வசனமும் பேச வேண்டும். காலையில் எப்படிப் பள்ளிக்கூடம் போவது? கலையா, படிப்பா என்றால் ஏதோ ஒன்று போய்விடும்.

1990இல் ஊர்க் கலைஞர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தபோது அதில் முன்னின்றவர் அவர். பிறகு 2002இல், மனைவியும் ஆய்வாளருமான ஹன்னே டி புரூயினோடு காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலம் தொடங்கினார். அங்கேயே தங்கி, பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துப் படிக்கலாம். அப்புறம், ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளையும் பழக்கினார். என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். பாரதக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த ஊர்ச் சனம் முன்னால் ஒரு பெண் கட்டை கட்டி நின்று ஆடுவது சாதாரண விஷயமல்ல.

குருகுலம் 2020 வரை நடந்தது. அங்கே பயின்றவர்களில் சிலர் இன்று தொழில்முறைக் கலைஞர்கள்.