ஃப்ளோரன்ஸில் ஒரு பகல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ரோமிலிருந்து ஒரே நாளில் ஃப்ளோரன்ஸ் போய்த் திரும்புவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் பல தடவை சுற்றிய, மிகவும் பிடித்த ஊர். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: காலையில் போய் இரவு திரும்புகிறோம். உஃபிசி, அகாடெமியா, டுவோமோ, பிட்டி அரண்மனை எல்லாம் முடியுமா?

நுழைந்து வெளியே வரலாம், பார்க்க முடியாது. ஒரே ஒரு அருங்காட்சியகம் போதும். மீதி நேரம் தெருவில் நடங்கள். பழைய நகரம் சின்னது. ரயில் நிலையத்திலிருந்து டுவோமோ என்ற தலைமைத் தேவாலயத்துக்குப் பத்து, பன்னிரண்டு நிமிட நடைதான். ரயிலைப் பிடிக்கும்போது 'ஃபிரென்ஸே சாந்தா மரியா நோவெல்லா' என்ற நிலையமா என்று பாருங்கள் ('ஃபிரென்ஸே' என்பது ஃப்ளோரன்ஸின் இத்தாலியப் பெயர்). ஊருக்குள் வேறு நிலையங்களும் உண்டு, அங்கே இறங்கிவிட்டால் நேரம் போய்விடும். அப்புறம் முக்கியமான விஷயம், உஃபிசி, அகாடெமியா இரண்டுக்குமே திங்கள்கிழமை விடுமுறை.

கேள்வி: அந்த ஒன்று எது? உஃபிசியா, அகாடெமியாவா?

ஓவியத்தில் ஈடுபாடு இருந்தால் உஃபிசி. போட்டிச்செல்லியின் 'வீனஸின் பிறப்பு' அங்கேதான் இருக்கிறது. குழந்தைகளோடு போனால் அகாடெமியா, ஒரு மணி நேரத்தில் மனம் நிறைந்து வரலாம். மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை 5.17 மீட்டர் உயரம். வேறு சிற்பிகள் தொட்டுக் கைவிட்டு, பல வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லில், 1501-இல் 26 வயதில் செதுக்கத் தொடங்கினார். டேவிட்டை நோக்கி நடக்கும் கூடத்தில் இருபுறமும் முடிவுறாத சிலைகள் நிற்கும். எல்லோரும் அவற்றைத் தாண்டி ஓடுகிறார்கள். தயவுசெய்து நில்லுங்கள். பாதி உடல் கல்லுக்குள்ளேயே இருக்கும், உளித் தடம் அப்படியே தெரியும். எனக்கு டேவிட்டைவிட அவைதான் நெஞ்சில் நின்றன.

சிற்பம் இலவசமாக வேண்டுமென்றால் சின்யோரியா சதுக்கம். அங்கே நிற்கும் டேவிட் நகல்தான். அசல் 1873-இல் அகாடெமியாவுக்குள் போய்விட்டது. ஆனால் பக்கத்துத் திறந்த மண்டபத்தில் சிற்பி செல்லினி செய்த, கிரேக்கக் கதை வீரன் பெர்சியஸின் வெண்கலச் சிலை அசலாகவே நிற்கிறது.

கேள்வி: கட்டட வேலையில் இருக்கிறேன். டுவோமோவின் குவிமாடத்தில் ஏற 463 படியாமே, மதிப்புண்டா?

உங்களுக்குக் கட்டாயம் உண்டு. தேவாலயத்தைக் கட்டத் தொடங்கிய பல தலைமுறைகளுக்குப் பிறகும் நடுவே எட்டுப் பட்டைச் சுவரின் மேற்புறம் கூரையில்லாமல் திறந்தே கிடந்தது. ஏறக்குறைய 45 மீட்டர் அகலம். அதற்கு அடியிலிருந்து சென்ட்ரிங் (கட்டும்போது தாங்கிப் பிடிக்கும் மரச் சட்டம்) அடிக்கத் தேவையான மரத்துக்கு எங்கே போவது? கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி சென்ட்ரிங்கே இல்லாமல் கட்டினார். 1420-இல் தொடங்கி 1436-இல் குவிமாடத்தை மூடினார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டை ஓடு. படுக்கையாக வைக்கும் வரிசைக்கு இடையிடையே சில செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். அந்த மீன்முள் அடுக்கு, ஈரச் சாந்தில் இருக்கும் செங்கல் வழுக்கி விழாமல் பிடித்துக்கொண்டது. நீங்கள் ஏறும் படிக்கட்டு அந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவில் போகிறது. சுவர் சாய்ந்துகொண்டே வருவதைத் தோளால் உணர்வீர்கள்.

நேரம் குறித்து முன்பதிவு செய்தால்தான் ஏறவே விடுவார்கள். லிஃப்ட் இல்லை, இடுக்கான வழி. இதய நோயோ, மூடிய இடத்தில் பயமோ இருந்தால் வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. என்ன செய்யலாம்?

படி ஏற்றத்தை விடுங்கள். கல் பாவிய தெரு என்பதால் தடித்த அடியுள்ள செருப்பு அவசியம். சாந்தா குரோச்சே தேவாலயத்துக்கு அழைத்துப் போங்கள். மைக்கேலாஞ்சலோ, கலீலியோ, அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி மூவரின் கல்லறைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அந்தப் பகுதியில் வீட்டுச் சுவர்களைக் கவனியுங்கள். 1966 நவம்பர் 4-ஆம் தேதி அர்னோ ஆறு எவ்வளவு உயரம் ஏறியது என்று குறித்த பலகைகள் உண்டு. சில இடங்களில் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இந்தத் தேவாலயத்தில் இருக்கும், பழங்கால ஓவியர் சிமாபுவேயின் பெரிய சிலுவை ஓவியம் அந்த வெள்ளத்தில் பாதிக்கு மேல் வண்ணம் இழந்தது. இழந்த இடங்களை மறைக்காமலே இங்கே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சுத்த சைவம். பட்டினியா?

இல்லவே இல்லை. 'ரிபொல்லீட்டா' பீன்ஸ், கீரை, பழைய ரொட்டி போட்டுக் காய்ச்சும் கெட்டிக் குழம்பு. 'பாப்பா அல் பொமொதோரோ' தக்காளியில் ஊறிய ரொட்டி. இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 'செந்த்ஸா கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல். தெரு வண்டியில் 'லாம்ப்ரெதோத்தோ' என்று எழுதியிருந்தால் அது மாட்டின் இரைப்பை. ரொட்டியில் உப்பே இருக்காது, அது அந்த ஊர் வழக்கம். காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு.

கேள்வி: பொன்டே வெக்கியோ பாலத்தில் நகைக்கடைகள் எப்படி வந்தன?

1345-இல் கட்டிய பாலம். முதலில் கசாப்புக்கடைகள் இருந்தன. நாற்றம் பொறுக்காமல் 1593-இல் ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்து ஃபெர்டினாந்தோ கசாப்புக்காரர்களை வெளியேற்றி, பொற்கொல்லர்களுக்குக் கொடுத்தார். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் ஊரின் மற்றப் பாலங்களைத் தகர்த்தார்கள், இதை மட்டும் விட்டார்கள்.

கேள்வி: அங்கே ஓர் இந்திய ராஜாவுக்குச் சிலை இருக்கிறதாமே?

ஆமாம். கோலாப்பூரின் இளம் மன்னர் ராஜாராம், இங்கிலாந்து போய்த் திரும்பும் வழியில் 1870-இல் இங்கே இறந்தார். அர்னோவோடு சின்ன ஆறு ஒன்று கலக்கும் இடத்தில் நம் முறைப்படி தகனம் செய்தார்கள். அங்கே, கஷீனே பூங்காவின் மேற்குக் கோடியில், குடை போன்ற விதானத்தின் கீழ் அவர் மார்பளவுச் சிலை இருக்கிறது. பழைய நகரத்திலிருந்து தூரம். ஒரு நாளில் இதையும் சேர்த்தால் வேறொன்றை விட வேண்டும்.

கேள்வி: மாலை எங்கே?

எல்லோரும் குன்றின்மேல் உள்ள மைக்கேலாஞ்சலோ திடலில் நிறுத்திக்கொள்வார்கள். நகரப் பேருந்து அதுவரை போகும். சரி, அங்கே படம் எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் மேலே சான் மினியாதோ தேவாலயத்துக்கு ஏறுங்கள். 1018-இல் கட்டத் தொடங்கியது. மாலை வழிபாட்டில் துறவிகள் பழைய லத்தீன் முறையில் பாடுவார்கள். கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் வாசல்படிக்கு வந்தால், காலையில் அண்ணாந்து பார்த்த குவிமாடம் உங்கள் கண் மட்டத்துக்கு எதிரே நிற்கும்.