வந்து வந்து போகும் ஸ்டீயரிங் கனம்: கேள்வி பதில்

மன்னார்குடியில் கார் பட்டறை வைத்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. பழைய கார்களில் பவர் ஸ்டீயரிங் சில நேரம் வேலை செய்து, சில நேரம் கைவிட்டுவிடுவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பட்டறையில் நிற்கும்போது பூப்போல் சுற்றும். வீட்டுக்குப் போகிற வழியில் கல்லாகிவிடும். இந்த மாதிரிக் கோளாறில் எந்தப் பாகம் என்று தேடுவதற்கு முன்னால், எந்த நேரத்தில் வருகிறது என்று தேட வேண்டும். காலையிலா, மழையிலா, ஏசி போட்டாலா, ஒரு மணி நேரம் ஓடிய பிறகா? அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் என் வேலையில் பாதி முடிந்தது.

உங்கள் வண்டி எந்த வகை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். போனட்டைத் திறந்தால் ஸ்டீயரிங் ஆயில் டப்பா இருக்கிறதா? அப்படியானால் ஆயில் வகை. பெரும்பாலும் இன்ஜின் பெல்ட்தான் அதன் பம்பைச் சுற்றும். டப்பா இல்லையென்றால் மோட்டார் வகை, கரண்டில் வேலை செய்வது.

கும்பகோணத்திலிருந்து: அண்ணே, 2008 இண்டிகா. காலையில் எடுத்ததும் முதல் திருப்பத்தில் கீச்சென்று சத்தம், ஸ்டீயரிங் இறுகுகிறது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஐப்பசி மழை பிடித்தால் தினமும் வருகிறது. பம்ப் போய்விட்டது என்கிறார்கள்.

பம்பில் இன்னும் கை வைக்காதீர்கள் தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெல்ட் வழுக்குகிறது. ஈரமான பெல்ட் பிடிக்காது, சூடேறிக் காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். அந்த ஐந்து நிமிடம் அதற்குத்தான். இன்ஜினை அணைத்துவிட்டு பெல்ட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடி போல் பளபளத்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தால் டைட் மட்டும் வைத்துப் பாருங்கள். ஆயில் பட்டு நனைந்திருந்தால் முதலில் கசிவை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் புது பெல்ட்டும் சீக்கிரமே கீச்சிடும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். பழைய வண்டிகளில் அது உடைந்து எப்போதோ கழன்றிருக்கும், சாலைத் தண்ணீர் நேராக பெல்ட்டில் அடிக்கும். சத்தம் நிற்கட்டும் என்று சோப்போ பவுடரோ தடவாதீர்கள்.

திருவாரூரிலிருந்து: சார், 2011 வேகன் ஆர். இருட்டிய பிறகு கடைத்தெருவில் மெதுவாகப் போகும்போது மீட்டர் போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்து கனமாகிவிடுகிறது. அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரி. பகலில் வருவதே இல்லை. மோட்டாரோடு மொத்தமாக மாற்றச் சொல்லிப் பெரிய தொகை கேட்டார்கள்.

இருட்டிய பிறகு, மெதுவாகப் போகும்போது. இந்த இரண்டையும் சொன்னீர்களே, அது போதும். ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் ஓடுகிறது. இன்ஜின் ஐட்லிங்கில், அதாவது மெதுவான சுற்றில், இருப்பதால் கரண்ட் உண்டாக்கும் டைனமோ குறைவாகத்தான் கொடுக்கிறது. ஸ்டீயரிங் மோட்டாருக்கோ மெதுவாகத் திருப்பும்போதுதான் கரண்ட் அதிகம் வேண்டும், நின்ற இடத்தில் ஒடித்தால் பத்துக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். வோல்ட் இறங்கினால் கண்ட்ரோல் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டாரை நிறுத்திவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது எல்லாவற்றையும் புதிதாகச் சோதிக்கும், வோல்ட் சரியாக இருந்தால் வேலை செய்யும்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.4 முதல் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்கும். அப்புறம் ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். 13-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் டைனமோவையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் எர்த், அதாவது கரண்ட் பாடி இரும்பு வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வையுங்கள், மேலே இருக்கும் கிளாம்பில் வேண்டாம். இன்னொரு முனையை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் வையுங்கள். முன்பு போலவே ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரோ அதன் போல்ட்டோ சரியில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் இதே கோளாறோடு வந்த ஒருவருக்கு மோட்டாரை மொத்தமாக மாற்றினேன். பத்தாம் நாள் அதே விளக்கோடு திரும்பி வந்தார். எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு. சம்பா அறுத்து வந்த பணத்தில் செலவழித்திருந்தார். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், பாகத்தின் விலையைக் கொடுக்க என்னால் முடியவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. அன்றிலிருந்து அளக்காமல் எதையும் மாற்றுவதில்லை.

வேதாரண்யத்திலிருந்து: எனக்கும் அப்படித்தான், ஆனால் நேரம் காலமே கிடையாது. உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு.

உப்புக் காற்று கப்ளர்களுக்குள், அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிகளுக்குள், போய்ப் பச்சைக் களிம்பு பிடிக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குப் போகும் பெரிய ஃபியூஸ், அதன் கால்கள், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கப்ளர், எர்த் போல்ட், இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். எர்த் போல்ட்டை மட்டும் உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள்.

நீடாமங்கலத்திலிருந்து: ஸ்டீயரிங் கனமாகும்போது ஸ்பீடோமீட்டர் முள்ளும் சேர்ந்து பூஜ்யத்துக்கு விழுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா அண்ணா?

உண்டு. மோட்டார் வகையில் வண்டியின் வேகத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு உதவுவது என்று பெட்டி முடிவு செய்கிறது. வேக சென்சாரிலிருந்து வரும் வயர் விட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். தை, மாசியில் அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும், வண்டிக்குள்ளும் புகும். உங்கள் வண்டி கொல்லைப்பக்கம் நிற்கிறதென்றால் முதல் சந்தேகம் எலிமேல்தான். வயர் பாதி கடிபட்டு ஓரிரு இழையில் தொங்கும், குலுங்கினால் விடும், மறுபடி தொடும். இன்ஜினை அணைத்துவிட்டு, வயர்க் கட்டை மெல்ல அசைத்து, கடிபட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போக வேண்டாம். கடித்த இடத்தை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாமல் ஈயம் பற்றவைத்து மூடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: குவாலிஸ். நாகப்பட்டினம் போய்ச் சேர்வதற்குள் ஊளையிடும் சத்தம், ஊருக்குள் கனம். ஆறிய பிறகு சரி. ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன்.

ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் எங்கோ கசிகிறது, காற்றும் உள்ளே போகிறது. ஓட்டி வந்ததும் டப்பாவைத் திறந்து பாருங்கள், நுரை இருக்கும். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளிப் லூஸானால் ஆயில் வெளியே தெரியாமலே காற்றை இழுக்கும். அதைச் சரிசெய்து, முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டு வைத்து, இன்ஜினைப் போடாமல் இரண்டு பக்கமும் கடைசிவரை மெதுவாக இருபது தடவையாவது திருப்புங்கள். காற்று குமிழாக வெளியேறும், ஆயில் இறங்க இறங்க நிரப்புங்கள். அதன்பிறகும் சூட்டில் மட்டும் கனமாகி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இலேசானால், பம்ப் தேய்ந்திருக்கிறது. டப்பா மூடியில் எழுதியிருக்கும் ஆயிலைத் தவிர வேறு ஊற்ற வேண்டாம். பிரேக் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல் எல்லாம் ஊறி வீணாகிவிடும்.

பட்டுக்கோட்டையிலிருந்து: நான் இப்போதுதான் ஓட்டப் பழகுகிறேன் அண்ணா. ஸ்விஃப்ட். மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பழகினால் கால் மணி நேரத்தில் கனமாகிறது. விளக்கு எரியவில்லை.

கோளாறாக இருக்காதும்மா. நின்ற இடத்தில் திரும்பத் திரும்ப ஒடித்தால் மோட்டார் சூடாகும், பெட்டி உதவியைக் குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஆறவிடுங்கள். வண்டி கொஞ்சம் நகரும்போது திருப்பிப் பழகுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: ஒரு சுற்றுக்குள் இரண்டு இடத்தில் மட்டும் இறுகுகிறது.

ஸ்டீயரிங் தண்டின் கீழே இருக்கும் கிராஸ் ஜாயின்ட், அதாவது தண்டு வளைந்து திரும்ப உதவும் மூட்டு, துருப்பிடித்திருக்கிறது. மோட்டார், பம்ப் எதையும் தொட வேண்டாம்.

ஒரத்தநாட்டிலிருந்து: எங்கள் ஊருக்குக் கல்லணைக் கால்வாய் கரையோரம்தான் வழி. ஓட்டும்போது கனமாகிவிட்டால் ஆபத்தா?

பதறாதீர்கள். உதவி போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்பு இணைப்பு அப்படியே இருக்கும். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, அகலமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ஓடும்போது சாவியை அணைக்கவே கூடாது, ஸ்டீயரிங் லாக் விழலாம், பிரேக்கும் கனமாகிவிடும். ஆனால் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தாலோ, ஆட்டம் கண்டாலோ அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். கரையோரம் போகிறவர்களுக்கு இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

திருவாரூர்க்காரர் மறுபடி: சார், இப்போதே அளந்து பார்த்தேன். பேட்டரி 14.1. எர்த் பக்கம் 0.9 காட்டுகிறது.

மிக நல்லது சார். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர்களின் இரண்டு முனைகளையும் கழற்றித் தேய்த்து, இறுக்கி, மறுபடி அளங்கள். அப்படியும் இறங்காவிட்டால் வயரையே மாற்றுங்கள். 0.1 பக்கம் வந்துவிட்டால் ஒரு வாரம் அதே கடைத்தெருவில், அதே நேரத்தில், எல்லாம் போட்டு ஓட்டுங்கள். மறுபடி விளக்கு எரிந்தால் பேட்டரியைக் கழற்றாமல் அப்படியே கொண்டு வாருங்கள், கண்ட்ரோல் பெட்டியில் என்ன கோளாறு எண் (கோட்) பதிந்திருக்கிறதென்று ஸ்கேனர் கருவியில் பார்த்துவிடலாம்.