குளிர்பானக் கம்பெனி கழிவையும் கரண்ட் செலவையும் எப்படிக் குறைக்கலாம்?

கேட்டவர் அநேகமாகப் புதிதாக பிளான்ட்டில் சேர்ந்த என்ஜினியராக இருப்பார். "ஏதாவது ஐடியாவோட வா" என்று மேனேஜர் அனுப்பியிருப்பார். தம்பியோ தங்கச்சியோ, சோலார் பற்றி பிபிடி போடும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் ஓடாத நேரத்தில் உள்ளே போய்ச் சும்மா நின்று பாருங்கள். சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

நான் 19 வருஷம் கண்ணாடி பாட்டில் லைனில் மெயின்டனன்ஸ் பார்த்தவன். கம்பெனிப் பெயர் வேண்டாம். ஒரு ஞாயிறு, கன்வேயர் மோட்டாருக்கு பேரிங் மாற்றப் போயிருந்தேன். லைனில் ஈ காக்கா இல்லை. ஆனால் மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரசர் மட்டும் லோடு எடுப்பதும் (காற்றை அழுத்துவது) இறங்குவதுமாக (அழுத்தாமல் சும்மா சுற்றுவது, அதாவது அன்லோடு) இருந்தது. யாருக்காக? செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டேன். 40 விநாடி லோடு, 80 விநாடி அன்லோடு. 120-க்கு 40 என்றால், கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டை வழியாகவே போகிறது. (தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஎஃப்டி கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது என்று கிளம்புபவர்களுக்கு: தெரியும். எங்களுடையது ஒரே வேகத்தில் ஓடும் பழைய ஸ்க்ரூ கம்ப்ரசர்.)

திங்கட்கிழமை சொன்னால், "எல்லா பிளான்ட்லயும் அப்படித்தான்யா" என்றார்கள்.

அடுத்த ஞாயிறு ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீரும் பெயின்ட் பிரஷ்ஷுமாக ஹெல்ப்பரைக் கூட்டிக்கொண்டு போனேன். 27 இடத்தில் நுரை பொங்கியது. மூடி போடும் மெஷினுக்குப் பின்னால் ஒரு ஹோஸை யாரோ சைக்கிள் டியூப்பால் சுற்றிக் கட்டியிருந்தார்கள், புண்ணுக்குத் துணி கட்டுவதுபோல. 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்றே ஏறக்குறைய 3 கிலோவாட் தின்னும். 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 72 யூனிட். தண்ணீர் சொட்டினால் வாட்ச்மேன்கூட ஓடிவந்து குழாயை மூடுவார். காற்றுக்கு யார் வருவார்? கிளாம்ப், கப்ளிங், வாஷர் மாற்றியதும் அன்லோடு நேரம் நீண்டுவிட்டது.

கழிவையும் கேட்டிருக்கிறீர்கள். பாட்டிலில் பானம் நிரப்பும் ஃபில்லரில் நுரை தள்ளி வழிகிறதா என்று பாருங்கள். பானம் சூடாக இருந்தால் கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) அதில் நிற்காது. எங்களுக்கு பானத்தைக் குளிரவைக்கும் சில்லரின் கண்டன்சரில் (சூட்டை வெளியே தள்ளும் பகுதி) உப்புப் படிந்து குளிர்ச்சி குறைந்துபோயிருந்தது. வழிந்தது சர்க்கரைத் தண்ணீர். சிரப், கேஸ், குளிரவைத்த கரண்ட் எல்லாம் அதோடு சாக்கடைக்குப் போயிற்று. அந்தச் சர்க்கரையைச் சுத்திகரிப்பு நிலையத்தில் செரிக்க வைக்க, காற்று ஊதும் ப்ளோயர் இன்னும் அதிக நேரம் ஓட வேண்டும், அதற்கும் கரண்ட். பாட்டில் வாஷரின் கடைசி அலசல் தண்ணீரை முதல் அலசலுக்குத் திருப்பி விடுவதும் நல்ல வழி. புதிய மெஷின்களில் அதுவே வந்துவிடுகிறது.

அப்புறம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐ.டி.ஐ. படித்தவனுக்கு சீனியர் டெக்னீஷியனுக்கு மேல் பதவியே கிடையாதாம். நான் ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த டிப்ளமோ பையன் எனக்கே லீவு கையெழுத்துப் போட்டான். பையன் தங்கமானவன், அவன்மேல் கோபமில்லை. ஆனால் எரிசக்தி சேமிப்பு வாரத்தில் மேடை ஏறிக் கேடயம் வாங்கியவர்களில் ஒருவர்கூட அந்த பக்கெட்டைத் தொட்டதில்லை.

அந்த இரண்டாவது ஞாயிறுக்கு எனக்கு ஓ.டி.யும் போடவில்லை. முன் அனுமதி வாங்கவில்லையாம்.