நியூசிலாந்தில் வாங்கிய கேம்பர்வேன்: பெயர் மாற்றம் ஆன்லைனில் நிற்கிறது

சுற்றுலா விசாவில் நியூசிலாந்து வந்து ஒரு டீசல் கேம்பர்வேன் (உள்ளேயே படுத்துத் தங்கும் வண்டி) வாங்கினீர்கள், அதை உங்கள் பெயருக்கு மாற்ற ஆன்லைனில் முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஆன்லைனை விட்டுவிடுங்கள், நேரில் போனால் பெயர் மாறிவிடும். சுற்றுலா விசா இதற்குத் தடையே இல்லை. "உரிம எண் செல்லாது" என்று வருகிறது என்கிறீர்கள். அந்த ஆன்லைன் பக்கம் நியூசிலாந்து ஓட்டுநர் உரிம எண்ணைத்தான் ஏற்கும். நீங்கள் இந்திய உரிமத்தைப் போட்டிருப்பீர்கள்.

வண்டி வாங்கியவர் தர வேண்டிய எம்ஆர் 13பி படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட்டோடு விடிஎன்இசட் என்னும் வாகனச் சோதனை நிறுவனத்தின் கிளை ஒன்றில் கொடுங்கள். உள்ளூர் முகவரி கேட்பார்கள். தங்கியிருக்கும் ஹாஸ்டலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதையே எழுதலாம். விற்றவரும் தன் பக்கம் தெரிவித்துவிட்டாரா என்று கேளுங்கள்.

அதற்கு முன் ஒன்று. வண்டி டீசல் என்றீர்களே, முன் கண்ணாடியில் சாலைக் கட்டணச் சீட்டு ஒட்டியிருக்கும். ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராக முன்கூட்டியே வாங்குவது அது. சீட்டில் உள்ள கடைசி எண்ணை மீட்டரோடு ஒப்பிடுங்கள். மீட்டர் தாண்டியிருந்தால் பழைய பாக்கி உங்கள் தலையில் விழலாம். விற்றவரிடம் பேசி அந்தத் தொகையை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பெயர் மாறிவிட்டது என்பதற்காகக் கண்ட இடத்தில் இரவு தங்கிவிட முடியாது. பல இடங்களில் தன்னிறைவுச் சான்று, அதாவது கழிவறை, தண்ணீர் போன்ற வசதிகள் வண்டிக்குள்ளேயே உண்டு என்பதற்கான சான்று, கேட்பார்கள். 2023 சட்டப்படி அதற்கு வண்டியோடு பொருத்திய கழிவறை வேண்டும்; தூக்கி வைக்கும் கழிவறைப் பெட்டி போதாது.